ஏழு பேர் இருந்தார்கள், எட்டாவது ஆள் வேண்டும்: ஐரிஷ் செட் நடன வகுப்பு அனுபவங்கள்

எனிஸிலிருந்து

போன வாரம் ஒரு தங்கை கேட்டிருந்தார்: "வீட்டுக்குப் பக்கத்தில் வாரந்தோறும் செட் நடன வகுப்பு நடக்கிறது. எல்லா நிலையினரும் வரலாம் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஒன்றுமே தெரியாதவள் போனால் மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமா?" நான்கு வருடங்களாக அப்படியொரு வகுப்புக்குப் போய்வருகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: இருக்காது. என் முதல் நாளைச் சொன்னால் காரணம் புரியும்.

நான் அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் செவிலியராக இருக்கிறேன். வந்த முதல் குளிர்காலத்தில் வேலை, சமையல், தூக்கம் தவிர வேறொன்றும் இல்லை. நவம்பரில் மாலை ஐந்தரைக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும். என்னோடு வேலை பார்த்த ஊர்க்காரப் பெண் ஒருவர் ஒரு செவ்வாய்க்கிழமை, "சும்மா உட்கார்ந்து பார், போதும்" என்று அழைத்துப் போனார். தேவாலயத்தை ஒட்டிய பொதுக்கூடம். மரத்தரை, சுவரோரமாக நாற்காலிகள், மூலையில் தேநீருக்கு வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. தரையில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். என் தோழியோடு ஏழு.

ஒரு செட்டுக்கு எட்டுப் பேர் வேண்டும். நான்கு இணைகள் ஒரு சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் உள்நோக்கி நிற்பார்கள். ஏழு பேர் ஆடினால் ஒருவர் காற்றைப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். நான் கோட்டைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. தலை முழுக்க நரைத்த ஓர் அம்மையார் முன்னால் வந்து கையை நீட்டினார். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்றேன். "எட்டாவது ஆள் நீதான்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அவர் என்னை எங்கே நிறுத்தினார் என்பது முக்கியம். இசைக்கு முதுகைக் காட்டி நிற்கும் இணைக்கு முதல் டாப்ஸ் என்று பெயர். எதிரே நிற்பவர்கள் இரண்டாம் டாப்ஸ். மற்ற இரண்டு பக்கங்களிலும் நிற்பவர்கள் சைட்ஸ். பல ஆட்டங்களில் டாப்ஸ் இணைகள் முதலில் ஆடி முடிக்கும், அதையே சைட்ஸ் பிறகு ஆடும். அதனால் புதியவரைச் சைட்ஸில் நிறுத்துவார்கள். கண்ணெதிரே ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டு ஆடலாம். நான் போயிருக்கிற எல்லாக் கூடங்களிலும் இப்படித்தான் செய்கிறார்கள்.

ஒரு செட் பல பகுதிகளாக இருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் ஃபிகர் என்று பெயர். ஒன்று முடிந்ததும் இசை நின்றுவிடும். மூச்சு வாங்கலாம், பக்கத்தில் நிற்பவரோடு இரண்டு வார்த்தை பேசலாம். வகுப்பில் ஆசிரியர் முதலில் இசையில்லாமல் நடக்கவைப்பார், அப்புறம் இசையோடு ஆடவைப்பார். ஆடும்போதும் அடுத்து என்ன என்பதைக் கொஞ்சம் முன்னதாகவே உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். "ஹவுஸ்" என்றால் இணை சுழன்றபடியே சதுரத்தைச் சுற்றி வர வேண்டும். "ஹோம்" என்றால் தொடங்கிய இடம். உங்கள் ஹோம் எது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் வந்துவிடும்.

அன்று லேடிஸ் செயின் என்ற அசைவு வந்தது. எதிரெதிர்ப் பெண்கள் நடுவில் வலக்கை கொடுத்துக் கடந்து, அந்தப் பக்கத்து ஆணிடம் இடக்கை கொடுத்துச் சுற்றி, அதேபோலத் திரும்பி வர வேண்டும். நான் இடக்கையை நீட்டிக்கொண்டு போனேன். எதிரே வந்தவர் அதைத் தொடவேயில்லை, தொங்கிக்கொண்டிருந்த என் வலக்கையை எடுத்துக்கொண்டார். அந்தப் பக்கத்திலிருந்த பெரியவர் தன் இடக்கையைத் தயாராக நீட்டிவைத்திருந்தார். அதைப் பிடித்ததும் என் முதுகில் லேசாகக் கை வைத்துத் திசை திருப்பிவிட்டார். நடுவில் மறுபடி ஒரு வலக்கை, அப்புறம் என் அம்மையாரின் கை. இசை அந்த வரியை முடித்தபோது நான் என் இடத்தில் நின்றிருந்தேன். யாரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை, யாரும் என்னைத் திருத்தவில்லை. கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

இணையாக நிற்கும் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சுழல்வதற்கு ஸ்விங் என்று பெயர். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், புதியவர்கள் அதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். இருவருடைய வலப் பாதங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். வலது கால் அச்சுப்போல, இடது காலால் தரையைத் தள்ளித் தள்ளிச் சுழல வேண்டும். குழந்தைகள் ஒற்றைக் காலால் உந்தி ஸ்கூட்டர் ஓட்டுவார்களே, அதே மாதிரி. கட்டை விரலை அடுத்தவர் கையில் அழுத்தாதீர்கள், வலிக்கும். உங்கள் எடையை நீங்களே தாங்குங்கள். சுவரைப் பார்த்தால் தலை சுற்றும். எதிரிலிருப்பவர் முகத்தைப் பார்த்தால் சுற்றாது. முகத்தைப் பார்க்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அந்த அம்மையார் அதுவரை தன் காதணியைப் பார்க்கச் சொன்னார். பச்சைக் கல் பதித்த சின்னத் தோடு, இன்றும் கண்ணிலேயே நிற்கிறது.

தங்கை கேட்காமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்பின் தெரியாத ஆணோடு கைகோத்து ஆட வேண்டுமே என்ற தயக்கம் எனக்கு இருந்தது. வகுப்புகளில் பெண்கள்தான் அதிகம். இரண்டு பெண்கள் இணையாக நின்று, ஒருவர் ஆணின் அடவுகளை ஆடுவது அன்றாட வழக்கம். முதல் மாதம் முழுவதும் நான் அந்த அம்மையாரோடு மட்டுமே ஆடினேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வகுப்பு பழகியதும் கேய்லிக்குப் போங்கள். கேலி என்று எழுதினால் தமிழில் பொருள் மாறிவிடும் என்பதால் இப்படி எழுதுகிறேன். வாத்தியக் குழுவோடு நடக்கும் நடன இரவு அது. கிளேரில் 1909-ல் தொடங்கிய கில்ஃபெனோரா குழுவும் 1946-ல் தொடங்கிய டல்லா குழுவும் இன்றுவரை வாசிக்கின்றன. கூட்ட நெரிசலில் ஒரு கை உயர்ந்து ஒரு விரலைக் காட்டினால், அந்தச் செட்டுக்கு இன்னும் ஓர் இணை தேவை என்று பொருள். பெயர் சொல்லத் தேவையில்லை, போய் நின்றால் போதும்.

கார்க்கிலிருந்து

அக்கா சொன்னது கிளேர் பாணி. அங்கே பாதத்தைத் தரையோடு ஒட்டி ஆடுவார்கள். கைதேர்ந்தவர்கள் குதிகாலாலும் முன்காலாலும் தரையிலேயே தாளம் தட்டுவார்கள், அதற்கு பேட்டரிங் என்று பெயர். நான் இருப்பது கார்க், கெர்ரி எல்லைப் பக்கம். இது போல்கா என்ற மெட்டு வகைக்கு ஆடும் நாடு. இங்குள்ள ஸ்லீவ் லூக்ரா பகுதியின் பெயரிலேயே ஒரு செட் இருக்கிறது: போல்கா, ஸ்லைட், ஹார்ன்பைப் என்ற மூன்று வகை மெட்டுகளுக்கு ஆடுவது. அடிகள் எளிமை, வேகம் அதிகம். முதல் வகுப்புக்குப் பிறகு இரண்டு நாள் கெண்டைக்கால் வலித்தது.

எங்கள் வகுப்பில் எண்பதைத் தாண்டிய விவசாயி ஒருவர் வருகிறார். தேநீர் இடைவேளையில் அவர் பக்கத்தில் உட்காரும் ஆசைதான் நான் வகுப்புக்குப் போவதற்குப் பாதிக் காரணம். அவருடைய அப்பா காலத்தில் ஆட்டமெல்லாம் வீட்டுச் சமையலறையில்தானாம். மேசையைத் தூக்கி முற்றத்தில் வைத்துவிட்டு, கல் பாவிய தரையில் ஆடுவார்கள். சில வீடுகளில் காலடி ஓசை கணீரென்று கேட்பதற்காக அந்தக் கல்லுக்கு அடியில் குதிரையின் மண்டையோட்டைப் புதைத்துவைத்த வழக்கமும் உண்டு. முதலில் கேட்டபோது கதை என்று நினைத்தேன். அயர்லாந்தின் நாட்டார் வழக்காற்றுப் பதிவுகளிலேயே இது இருக்கிறது.

இந்த ஆட்டத்தின் வேர் பிரான்சில். குவாட்ரில் என்ற சதுர நடனம் 1815 வாக்கில் லண்டனுக்கு வந்தது. நெப்போலியன் போர்களிலிருந்து திரும்பிய சிப்பாய்களும், ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்த நடன ஆசிரியர்களும் அதை அயர்லாந்தில் பரப்பினார்கள். மக்கள் பிரெஞ்சு மெட்டுகளை விட்டுவிட்டுத் தங்கள் ரீல், ஜிக் மெட்டுகளுக்கு அதை ஆடத் தொடங்கினார்கள். ஊருக்கு ஒரு செட் உருவானது. ஆனால் 1893-ல் தொடங்கிய கேலிக் லீக், ஐரிஷ் மொழிக்கு அவ்வளவு பாடுபட்ட இயக்கம், செட் நடனத்தை அந்நியச் சரக்கு என்று ஒதுக்கியது. பிறகு 1935-ல் பொது நடனக்கூடச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் பொது நடனம் நடத்தக் கூடாது. அதைக் காட்டி வீட்டுச் சமையலறை ஆட்டங்களையும் போலீசாரும் பாதிரியார்களும் விரட்டினார்கள். பெரியவர் இதைச் சொல்லும்போது கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். எனக்கும் கோபம் வந்தது. மூன்று நான்கு தலைமுறை ஆடி ஆடித் தங்கள் மண்ணின் வாசனை ஏற்றிவிட்ட ஒன்றை அந்நியம் என்று சொல்ல யாருக்கு உரிமை?

எழுபதுகளுக்குப் பிறகுதான் மறுபடி உயிர் வந்தது. கிளேரின் மில்டவுன் மால்பேயில் 1973-ல் தொடங்கிய வில்லி கிளான்சி கோடை இசைப் பள்ளி ஒவ்வொரு ஜூலையிலும் நடக்கிறது. எண்பதுகளிலிருந்து அங்கே செட் நடன வகுப்புகளும் உண்டு. அங்கே கற்றவர்கள் தத்தம் ஊரில் வார வகுப்பு வைத்தார்கள். இன்று பல ஊர்க் கூடங்களில் நடப்பது அதன் தொடர்ச்சிதான். அதனால்தான் புதியவரைக் கண்டால் இவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

டப்ளினிலிருந்து

செருப்பு பற்றி யாரும் சொல்லவில்லையே. ரப்பர் அடியுள்ள ஓட்டக் காலணியைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அது தரையைக் கவ்வும், உடல் திரும்பும், முழங்கால் திரும்பாது. நான் மூன்று வாரம் அப்படி ஆடிவிட்டு ஒரு மாதம் முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறினேன். தோல் அடியுள்ள, தட்டையான, கால் கழன்றுவிடாத காலணி போதும். மாற்றுச் சட்டை ஒன்றும் தண்ணீரும் எடுத்துப்போங்கள். வெளியே இரண்டு டிகிரி குளிர் இருந்தாலும் உள்ளே வியர்வை ஊற்றும்.

கால்வேயிலிருந்து

அம்மா போன மார்ச்சில் வந்திருந்தார். வீட்டில் தனியாக விட மனமில்லாமல் வகுப்புக்கு அழைத்துப் போனேன். அன்று மழை, ஏழு பேர்தான் வந்திருந்தோம். ஆசிரியர் அம்மாவைப் பார்த்தார், அம்மா தன் முழங்காலைத் தொட்டுக் காட்டித் தலையசைத்தார். சரி என்று நானே இணையில்லாமல் நின்றேன்.

அன்று பாலிவோர்னி ஜிக் செட். எனக்கு எப்போதும் ஒரு சிக்கல் உண்டு: அசைவுகள் தெரியும், எப்போது மாற்ற வேண்டும் என்பது பிடிபடாது. ஆசிரியரின் குரலுக்காகக் காத்திருந்து, கேட்டபின் திரும்புவேன். எப்போதும் அரை அடி பிந்தியே இருப்பேன். இணையாக ஒருவர் இருந்தால் அவர் இழுத்துக்கொள்வார். அன்று அதுவும் இல்லை.

இரண்டாவது ஃபிகரின்போது பார்க்கிறேன், அம்மா தொடையில் தட்டிக்கொண்டிருக்கிறார். சிறு வயதில் கும்மிக்குப் பாட்டு எடுத்துக்கொடுத்தவர். ஃபிகர் முடிந்ததும் அருகில் போனேன். "இது தகிட தகிடதானே?" என்றார். ஆமாம், ஜிக் என்பது அதுதான். மெட்டின் ஒரு சிறு தாளப் பகுதியை அளவு என்பார்கள், ஒரு அளவுக்கு இரண்டு தகிட. "பதினாறு தகிட முடிந்தால் ஒரு பாட்டு முடிகிறது. அதையே இன்னொரு தடவை வாசிக்கிறார்கள். அப்புறம் மேலே போய் வேறு பாட்டு, அதுவும் இரண்டு தடவை. நீங்கள் எல்லோரும் பாட்டு முடியும்போதுதானே திரும்புகிறீர்கள்? நீ ஏன் அவர் சொல்லும்வரை நிற்கிறாய்?"

எட்டு எட்டு அளவுகளாக மெட்டு, எட்டு எட்டு அளவுகளாக அசைவு. மொத்தம் முப்பத்திரண்டில் ஒரு சுற்று. இதை ஆசிரியர் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். எண்ணிக்கையாகக் கேட்டபோது காலில் இறங்காதது, தகிடவாகக் கேட்டதும் இறங்கிவிட்டது. ரீலை இப்போது தகதிமி தகதிமி என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டுதான் ஆடுகிறேன்.

மூன்றாவது ஃபிகர் தொடங்கியது. காற்றோடு சுழன்றுகொண்டிருந்தேன். பதினான்கு, பதினைந்து. நாற்காலியிலிருந்து அம்மாவின் குரல் தமிழில் வந்தது: "முடியப்போகிறது, திரும்பு!" ஆசிரியர் வாயைத் திறப்பதற்குள் நான் திரும்பிவிட்டேன். மற்ற ஆறு பேரும் அதே நொடியில் திரும்பினார்கள்.

அடுத்த வாரம் போனபோது, இசைப்பெட்டிக்குப் பக்கத்தில் அம்மாவுக்காக ஒரு நாற்காலி போட்டுவைத்திருந்தார் ஆசிரியர்.