புதுப்பிப்பு: கிரவல் எடுத்த குழியில் மறுபடி தேயிலை வருமா?

இலங்கை மலையகத்தில் பூண்டுலோயாப் பக்கம் கிரவல் (சரளை மண்) வெட்டிக் கைவிட்ட சரிவு மழைக்குக் கரைகிறது, அதில் தேயிலை வருமா என்று கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, முதலில் மேட்டில் குறுக்குக் கான் (வடிகால்) வெட்டச் சொன்ன அண்ணனின் யோசனைதான். தண்ணீர் வெட்டுமுகத்தில் இறங்காமல் ஓரமாகப் போனதும் சரிவு அடங்கியது. அப்புறம் விளிம்பைப் படியாகச் சீவி, சமமட்ட வரிசையில் வெட்டிவேர் வைத்தோம். சுவர் கட்டவில்லை; பின்னால் தண்ணீர் தேங்கினால் சுவரையே தள்ளிவிடும்.

குழியில், ஒதுக்கியிருந்த மேல்மண்ணைப் பரப்பிக் மண்ணைத் தேற்றக் கௌதமாலாப் புல் நட்டோம். எதிர்பாராதது லயத்து (தோட்டக் குடியிருப்பு) மாடுகள்! அவற்றுக்கு அது நல்ல தீனியாச்சே. வேலி போட்ட பிறகுதான் புல் எழும்பியது. வெட்டுவதை அங்கேயே மூடாக்காகப் போடுகிறோம். தேயிலைக்குப் பொறுக்க வேண்டும்; தோட்டங்களில் மறுநடுகைக்கு முன் 18 முதல் 24 மாதம் புல்லை விடுவது வழக்கம்.