வயரிங் வேலை அனுபவத்திலயிருந்து டிப்ளோமா, பட்டம் வரை போக வழி என்ன?

ஒலுமடுக்காரன்:
மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் வீட்டு வயரிங் செய்யிற பெடியள் கனபேர் ஓ/எல்லோட நிண்டவை. கையில ஆறேழு வருச அனுபவம் இருக்கு, தாள் ஒண்டும் இல்லை. வேலையை விடாமல் டிப்ளோமா, பிறகு பட்டம் எண்டு போகேலுமோ? செய்த வேலைக்குக் கிரெடிட் தருவினமோ?

நெடுங்கேணி மின்:
போகலாம். ஆனால் அனுபவம் நேரடியாக் கிரெடிட்டா மாறாது, முதல்ல அது என்விகியூ, அதாவது தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழா மாறவேணும். அதுக்கான வழி ஆர்பிஎல், அதாவது முன்கற்றலை அங்கீகரிக்கிற மதிப்பீடு. மாவட்ட நைட்டா (தேசிய பயிலுனர், கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை) அலுவலகத்தில விசாரியுங்கோ. வகுப்புக்குப் போகத் தேவையில்லை. மின் தொழிலுக்குரிய திறன் தரநிலையை வாங்கி, ஒவ்வொரு அலகுக்கும் ஆதாரம் சேர்த்துக் கோப்பாக் குடுத்தால், மதிப்பீட்டாளர் செய்முறையும் கேள்வியும் வைச்சுப் பார்ப்பினம். சில அலகு தவறினால் தேறினது வீணாகாது. மிச்சத்துக்கு மட்டும் திரும்பப் போகலாம்.

கோப்புத்தான் கனபேரை விழுத்துது. முடிஞ்ச டிபி பெட்டியை (மின்சாரத்தைப் பிரிச்சுக் குடுக்கிற பெட்டி) மட்டும் படம் எடுத்துக் குடுத்தால், ஆர் செய்தது எண்டு எப்பிடித் தெரியும்? குழாய் வளைக்கேக்க, வயர் இழுக்கேக்க, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சைப் பூட்டேக்க, 500 வோல்ட்டில இன்சுலேசன் சோதிக்கேக்க எடுத்த படம் வேணும். ஆளின்ர முகமும் மீற்றர் வாசிப்பும் தெரியவேணும். வாசிப்பு 1 மெகா ஓமுக்குக் கீழ எண்டால் அந்த வயரிங்கே பிழை, முதல்ல அதைத் திருத்துங்கோ. முதலாளியின்ர கடிதத்தில "நல்ல பிள்ளை" எண்டு இருந்து பிரயோசனமில்லை. எந்தெந்த வேலை, எந்தத் திகதியிலயிருந்து எண்டு இருக்கவேணும்.

கனகராயன்குளம்:
மேல சொன்னது என்விகியூ 4 ஆம் மட்டம் வரைக்கும். 5, 6 டிப்ளோமா மட்டங்கள், 7 பட்டம். பல்கலைக்கழகப் பட்டங்களையும் சேர்த்து மட்டம் பிரிக்கிற இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில என்விகியூ 5 மூண்டாம் மட்டத்துக்கும், 6 நாலாம் மட்டத்துக்கும் சமன். மூண்டாம் மட்டத்துக்குக் குறைஞ்சது 30 கிரெடிட். ஒரு கிரெடிட் எண்டால் 50 மணித்தியாலம், வகுப்பு, செய்முறை, வீட்டுப் படிப்பு எல்லாம் சேர்த்து. மொத்தம் 1500. கிழமைக்கு 15 மணித்தியாலம் ஒதுக்கினால் 100 கிழமை. சேர முதல் இதை வீட்டுக்காரரோடயும் முதலாளியோடயும் கதையுங்கோ. அறுவடை, கலியாண வீடு எண்டு மாசக்கணக்கில விட்டால் பிடிக்கிறது கஸ்டம்.

4 முடிச்சவைக்கு ஏ/எல் இல்லாமலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கல்லூரி போன்ற இடங்களில 5 க்கு வழி இருக்கு. அதுக்குப் பிறகு பட்டத்துக்கு இரத்மலானை யுனிவோடெக் (தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம்), 2008 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தில வந்தது. படிப்பு ஆங்கிலத்தில. ஆர்பிஎல்லால நேர வாறவை 5 இல கணிதத்திலதான் சறுக்கினம். முக்கோண கணிதம், சிக்கலெண் ரெண்டையும் ஏசி (மாறுமின்) சுற்றுக்காக முன்கூட்டியே பாக்கச் சொல்லுங்கோ. கையில வேலை இருந்தும் இதில விழுறது பெரிய அநியாயம்.

முறிகண்டியான்:
இன்னொண்டு. இடம்பெயர்வில பத்திரம் துலைச்சுப் பிறகு எடுத்தவைக்கு பிறப்புச் சான்றிதழில ஒரு பேர், அடையாள அட்டையில இன்னொரு எழுத்துக்கூட்டல் இருக்கும். என்விகியூவுக்கு விண்ணப்பிக்க முதலே அதைத் திருத்துங்கோ. சான்றிதழ் அந்தப் பேரில வந்தால், டிப்ளோமாவுக்குச் சேரேக்கதான் சிக்கல் தெரியும், அப்ப ஆள்சேர்ப்புத் திகதி முடிஞ்சிடும்.