மகள் ஜர்னலிசம் படிக்கிறேன் என்கிறாள், அமெரிக்காவில் இந்த வேலைக்கு இனி வாழ்வு உண்டா?

எடிசன் குமார்:
நியூஜெர்சியில் இருக்கிறோம். மகள் பள்ளி முடிக்கிறாள். மிசூரி பல்கலையில் ஜர்னலிசம் கிடைத்திருக்கிறது, எங்கள் மாநிலப் பல்கலையான ரட்கர்ஸில் கம்ப்யூட்டர் சயின்ஸும் கிடைத்திருக்கிறது, வீட்டில் தினமும் பஞ்சாயத்து. எங்கள் மாநிலத்தின் பெரிய பேப்பரான ஸ்டார்-லெட்ஜர் 2025 பிப்ரவரியில் அச்சையே நிறுத்திவிட்டது. இந்த ஊர் அரசியலை நான் கற்றுக்கொண்டதே அதைப் படித்துத்தான். அட்லாண்டா ஜர்னல்-கான்ஸ்டிட்யூஷனும் அதே வருடக் கடைசியோடு அச்சுக்கு முழுக்குப் போட்டது. மகளோ "பேப்பர் வேறப்பா, ஜர்னலிசம் வேற" என்கிறாள். இந்தத் துறையில் இருப்பவர்கள், இருந்து வெளியே வந்தவர்கள் நிலவரத்தைச் சொல்லுங்கள். மனசைத் தேற்றுவதற்காக எதுவும் சொல்ல வேண்டாம்.

நைட் டெஸ்க்:
குமார் சார், கொலராடோ பக்கம் ஒரு பேப்பரில் காப்பி எடிட்டராக (செய்தியைத் திருத்தித் தலைப்பு வைப்பவர்) இருந்தேன், பெயர் வேண்டாம். அந்த மாநிலத் தலைநகர் டென்வரில் ஒரு காலத்தில் இரண்டு பெரிய பேப்பர்கள். அதில் ராக்கி மவுண்டன் நியூஸ் 2009 பிப்ரவரி 27-ஆம் தேதி கடைசி இதழைப் போட்டது, 150 வயது நிறைய இரண்டு மாதம்கூட இல்லை. மிச்சமிருந்த டென்வர் போஸ்ட், ஆல்டன் குளோபல் கேப்பிடல் என்ற நிதி நிறுவனத்தின் கைக்குப் போனது. 2018-இல் ஆட்குறைப்பு எல்லை மீறியதும் தலையங்கப் பக்கத்திலேயே சொந்த முதலாளியைப் பிணந்தின்னிக் கழுகு என்று எழுதினார்கள். அதற்கெல்லாம் துணிச்சல் வேண்டும் சார். அந்தப் பக்கத்தின் ஆசிரியர் சில வாரத்தில் ராஜினாமா செய்தார். வெளியே வந்தவர்களில் சிலர் சேர்ந்து கொலராடோ சன் என்ற இணையதளத்தைத் தொடங்கினார்கள், அது இன்றைக்கும் நடக்கிறது.

எங்கள் கதை இவ்வளவு வீரமானது இல்லை. முதலில் அச்சகத்தை விற்றார்கள், அச்சடிப்பது வேறு ஊருக்குப் போனது, அதனால் பக்கங்களை மாலை ஆறு மணிக்கே மூடியாக வேண்டும். பள்ளி வாரியக் கூட்டம் தொடங்குவதே ஏழு மணிக்கு! ஒருநாள் தள்ளி வரும் செய்தியை யார் காசு கொடுத்துப் படிப்பார்கள்? அப்புறம் பக்க வடிவமைப்பை வேறு மாநிலத்துக்குக் கொண்டு போனார்கள், எங்கள் ஊரைக் கண்ணால் பார்க்காதவர் எங்கள் ஊர்ச் செய்திக்குத் தலைப்பு வைத்தார். கடைசியில் வீடியோ அழைப்பிலேயே எங்களை வேலையை விட்டு அனுப்பினார்கள், அழைப்பு முடிவதற்குள் லேப்டாப் பூட்டிக்கொண்டது. சம்பளம் போனதைவிட இன்ஷூரன்ஸ் போனதுதான் அடி. கோப்ராவில், அதாவது வேலை போன பிறகும் முழுத் தொகையை நாமே கட்டி அதே இன்ஷூரன்ஸை வைத்துக்கொள்ளும் சட்டத்தில், தொடரலாம் என்று ஒரு கடிதம் வந்தது, மாதத் தொகையைப் பார்த்து என் மனைவி சிரித்தேவிட்டாள்.

கணக்குப்பிள்ளை:
உணர்ச்சியை ஓரமாக வையுங்கள். 2005 வாக்கில் அமெரிக்கப் பேப்பர்களுக்கு விளம்பரத்தில் வந்தது ஏறத்தாழ 4,900 கோடி டாலர், 2020-இல் 1,000 கோடிகூட இல்லை. வாடகை வீடு, பழைய கார், ஆள் தேவை என்று வரி விளம்பரத்தில் காசு வந்ததை கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற இணையதளம் இலவசமாக்கியது, மிச்சத்தை கூகுளும் பேஸ்புக்கும் அள்ளிக்கொண்டன. பேப்பர் நியூஸ்ரூமில் 2008-இல் 71,000 பேர் இருந்தார்கள், 2020-இல் 31,000 பேர். குழந்தை ரட்கர்ஸ் போகட்டும், எழுத ஆசை இருந்தால் சாயங்காலம் எழுதட்டும்.

கேமராவும் நானே:
கணக்கு அண்ணா சொல்வது பேப்பர் கணக்கு. நான் லோக்கல் டிவி ரிப்போர்ட்டர், தங்கச்சிக்கு இந்தப் பக்கமும் தெரியட்டும். டிவி ஊர்களை, எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம் 210 மார்க்கெட்டாகப் பிரித்து வைத்திருக்கிறது, முதலிடம் நியூயார்க். படித்து முடித்ததும் நீங்கள் கேள்வியே படாத ஏதோ ஒரு நூற்றைம்பதாவது ஊரில்தான் வேலை கிடைக்கும். அங்கே கேமராமேன் கிடையாது. நானே டிரைபாடை நிறுத்தி, என் உயரத்துக்கு லைட் ஸ்டாண்டை நிறுத்தி அதன்மேல் போக்கஸ் வைத்து, ரெக்கார்டை அழுத்திவிட்டு ஓடிப்போய் அந்த இடத்தில் நின்று பேச வேண்டும். எடிட்டிங் காரில். காலை ஷிப்ட் என்றால் இருட்டில், பனியில், தனியாக. 2022 ஜனவரியில் மேற்கு வெர்ஜீனியாவில் இப்படித் தனியாக நேரலையில் நின்ற ஒரு ரிப்போர்ட்டர் மேல் கார் மோதியது, எழுந்து நின்று அவரே கேமராவைச் சரிசெய்துகொண்டு மீதியைப் பேசி முடித்தார். எல்லோரும் பாராட்டினார்கள், எனக்கு வயிறு எரிந்தது. பாராட்டுவதற்குப் பதில் இன்னொரு ஆளை அனுப்பியிருக்கலாமே?

முக்கியமாக, ஒப்பந்தம் இரண்டு மூன்று வருடம் இருக்கும், நடுவில் விலகினால் பணம் கட்டச் சொல்வார்கள். கையெழுத்துப் போடும் முன் வக்கீலிடம் காட்டச் சொல்லுங்கள். நான் காட்டவில்லை. இத்தனைக்கும் பிறகு வேலை பிடித்திருக்கிறதா என்றால், பிடித்திருக்கிறது.

எடிசன் குமார்:
நன்றிம்மா. படித்ததும் மனைவி ரட்கர்ஸ் பக்கம் இன்னும் உறுதியாகிவிட்டாள் :) கணக்குப்பிள்ளை சார், அப்படியானால் இதை எல்லாம் யார்தான் எழுதுவது என்று மகள் கேட்கிறாள்.

நைட் டெஸ்க்:
நியாயமான கேள்வி. கலிபோர்னியாவில் பெல் என்று ஒரு ஊர், நாற்பதாயிரம் பேர்கூட இல்லை, ஏழைகள் அதிகம். அங்கே நகர நிர்வாகி வருடம் ஏறத்தாழ 8 லட்சம் டாலர் சம்பளம் எடுத்துக்கொண்டிருந்தார். ஊர் கவுன்சிலில் தினசரி வந்து உட்கார ஒரு நிருபர் இல்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. 2010-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நிருபர்கள் பக்கத்து ஊர் மேவுட் விவகாரத்தைத் துருவப் போய், இது மாட்டியது. அடுத்த வருடம் அந்தப் பேப்பருக்குப் பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சர், பின்னர் அந்த நிர்வாகிக்கு 12 வருடச் சிறை. அதே பேப்பர் 2024 ஜனவரியில் ஒரே அடியில் நியூஸ்ரூமில் 115 பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பியது. இரண்டும் ஒரே பேப்பர்தான்.

கணக்குப்பிள்ளை:
புலிட்சரை வைத்து வாடகை கட்ட முடியாது.

சிகாகோக்காரி:
முடியாதுதான், ஆனால் காசு வரும் வழி மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் டிஎன்ஏஇன்ஃபோ என்ற தளத்தை, நியூயார்க் ஊழியர்கள் யூனியனுக்கு ஓட்டுப் போட்ட ஒரே வாரத்தில் 2017-இல் முதலாளி இழுத்து மூடினார். அங்கே வேலை பார்த்தவர்கள் அடுத்த வருடம் பிளாக் கிளப் சிகாகோவைத் தொடங்கினார்கள், லாப நோக்கம் இல்லாதது, வாசகர் சந்தாவும் நன்கொடையும்தான். எங்கள் தெருவில் புதிதாக எந்தக் கடை வருகிறது என்பதுகூட அதில் வரும், நானே சந்தா கட்டுகிறேன். மிசிசிப்பி டுடேயும் இதே வகை, 2023-இல் உள்ளூர்ச் செய்திக்குப் புலிட்சர் வாங்கியது. ரிப்போர்ட் ஃபார் அமெரிக்கா என்ற அமைப்பு சின்ன நியூஸ்ரூம்களுக்கு இளம் நிருபர்களை அனுப்பி சம்பளத்தில் ஒரு பங்கைத் தருகிறது. ஆனால் மானியம் நின்றால் வேலையும் நிற்கும். 2025-இல் காங்கிரஸ் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரை ரத்து செய்ததும் சின்ன ஊர் வானொலிகள் பட்ட பாட்டைப் பார்த்தோமே.

மிசூரி முன்னாள்:
தாமதமாகப் பார்க்கிறேன். நான் படித்த மிசூரி ஜர்னலிசம் பள்ளி 1908-இல் தொடங்கியது. கொலம்பியா மிசூரியன் என்ற நிஜமான ஊர்ப் பேப்பரை மாணவர்கள்தான் நிருபர்களாக இருந்து எழுதுகிறார்கள், கோமு என்ற டிவி நிலையமும் பல்கலையுடையதுதான். கவுன்சில் கூட்டத்துக்குப் போய், பெயரில் ஒரு எழுத்துப் பிழை விட்டு, மறுநாள் அந்த ஆளிடமே திட்டு வாங்கித்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம். கூடவே டேட்டா, புள்ளியியல் பாடங்களையும் எடுக்கச் சொல்லுங்கள் சார், நகராட்சிக் கணக்கைத் தோண்டத் தெரிந்தவளுக்கு நாளைக்கு வெளியே வேலை தேடினாலும் கிடைக்கும். வெளி மாநிலக் கட்டணத்துக்குப் பயப்படுகிறீர்கள் என்றால், முதல் வருடமும் கோடையும் அங்கேயே தங்கி வேலை பார்த்து மாநிலவாசியாக மாற வழி உண்டு, அட்மிஷன் ஆபீசில் கேளுங்கள். முடிவு எடுக்கும் முன் மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை போய்ப் பாருங்கள், விடுமுறை வாரத்தில் மட்டும் போகாதீர்கள், நியூஸ்ரூமில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள்.