தோளை உதைத்த துவக்கு

கொக்குவில் தம்பி:

கொக்குவிலில் இருந்துகொண்டு மேக்னம் என்ற பெரிய தோட்டாத் துவக்கைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். போன வருடம் ஐப்பசியில் அல்பேர்ட்டாவில் இருக்கும் அத்தான் வீட்டுக்குப் போயிருந்தேன். மனுசன் வருடா வருடம் மான் வேட்டைக்குப் போகிறவர். சுடுதளத்துக்குக் கூட்டிப்போய், பக்கத்திலேயே நின்று தன் .300 வின்செஸ்டர் மேக்னத்தைத் தந்தார்.

180 கிரெய்ன் (கிட்டத்தட்ட 12 கிராம்) சன்னம், விநாடிக்கு 2,960 அடி வேகம். முதல் வெடியிலேயே ஸ்கோப்பின், அதாவது குறிபார்க்கும் கண்ணாடிக் குழாயின், விளிம்பு புருவத்தில் இடித்தது. பிறை மாதிரி ஒரு கீறல், இன்னும் இருக்கிறது. மூன்றாவது வெடி இலக்கு அட்டையிலேயே படவில்லை. அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை எனக்குத் தெரியாமல் வெடிமருந்தில்லாத தோட்டாவைப் போட்டுத் தந்திருக்கிறார். விசையை இழுத்தேன். 'டிக்' என்றது, அவ்வளவுதான். ஆனால் குழல் ஒரு சாண் கீழே குத்தியது! வெடிக்காத துவக்குக்கே கண்ணை மூடியிருக்கிறேன்.

அப்புறம்தான் காரிலிருந்து வேறொரு பெட்டி வந்தது. ரெமிங்டன் கம்பனியின் 'மானேஜ்ட் ரீகாயில்', உதை குறைத்த தோட்டா. அதே துவக்கு, மருந்தும் சன்னமும் வைக்கும் அதே கோது. சன்னம் 150 கிரெய்ன், வேகம் 2,650 அடி. உதை பாதியாகும் என்பது கம்பனிக்காரரின் கணக்கு. என் தோளைக் கேட்டால் பாதிக்குக் கொஞ்சம் கூட என்றுதான் சொல்லும், ஆனாலும் பத்து வெடி வைத்தேன். கண் திறந்தே இருந்தது.

தென்மராட்சியான்:

தம்பி, மருந்தைப் பாதியாகக் கொட்டினால் முடிந்த வேலைக்குத் தனிப் பெட்டி எதற்கு? எங்கள் மாமா வன்னியில் தோட்டம் செய்த காலத்தில் பன்றிக்குப் பன்னிரண்டு போர் துவக்கில் எஸ்.ஜி. என்ற பெரிய குண்டுத் தோட்டா போடுவார். உதைக்கு அவர் கண்ட மருந்து, சாரத்தை நாலாக மடித்துத் தோளில் வைப்பதுதான். அடுத்த நாள் சட்டை போடும்போது முனகுவார், அது வேறு கதை.

கொக்குவில் தம்பி:

அண்ணை, நானும் அதையேதான் கேட்டேன். அத்தானுக்குக் கோபமே வந்துவிட்டது. மேக்னம் கோது பெரியது, அதற்குப் போடும் மருந்து மெதுவாக எரிவது. அதைப் பாதியாகக் குறைத்தால் சில வேளை அழுத்தம் தாறுமாறாக ஏறித் துவக்கே உடையலாமாம். அதனால் தொழிற்சாலையில் அளவை மட்டுமல்ல, மருந்தின் வகையையும் மாற்றுகிறார்கள். குறைந்த வேகத்திலும் மானுக்குள் விரியும் சன்னத்தைத்தான் வைக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது வேறு விஷயத்துக்கு. 1920இல் வந்த .300 சவேஜ் என்ற தோட்டா இதே 150 கிரெய்னை ஏறக்குறைய இதே வேகத்தில்தான் தள்ளியது. காசு கொடுத்து மேக்னம் வாங்கி, பிறகு அதை நூறு வருடம் பின்னுக்குக் கொண்டுபோவது! ஆனால் 200 யார் (கெஜம்) தூரம் வரை நிற்கும் மானுக்கு அது தாராளம், தோளும் மிஞ்சும்.

ஒரு சிக்கல் உண்டு. நூறு யாரில் இந்தத் தோட்டா மூன்று அங்குலம் கீழே பட்டது. ஸ்கோப்பைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும், இரண்டு வகையையும் ஒரே பையில் போடவே கூடாது. அத்தான் மென்மையான பெட்டிக்குச் சிவப்பு டேப் ஒட்டி, மேலே என் பெயரை எழுதி வைத்திருக்கிறார். அக்கா அதைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறா.