மூன்று பாகமும் மெதுவாகவே போகும் சிம்ஃபொனி

உப்பனாற்றுக்காரன், கடலூர்:

சிம்ஃபொனி, அதாவது பெரிய இசைக்குழு வாசிக்கும் நீண்ட மேற்கத்திய இசைப் படைப்பு என்றாலே வேகமாக ஒரு பாகம், நிதானமாக ஒரு பாகம் என்று மாறி மாறி வரும். போலந்துக்காரர் ஹென்றிக் கோரெட்ஸ்கி 1976இல் எழுதிய மூன்றாம் சிம்ஃபொனியில் மூன்று பாகமுமே மெதுவாகத்தான் போகின்றன. ஏறக்குறைய ஒரு மணி நேரம். அப்படியும் மூன்றுக்கும் மூன்று மனநிலை.

வீட்டு ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். முதல் பாகத்தில், ஆளுயர வயலின் மாதிரி இருக்கும் டபுள் பாஸ் மட்டும் அடியில் முனகுகிறது. அதே மெட்டை அடுத்த வாத்தியக் கூட்டம் பிடிக்கிறது, அதற்கு மேல் இன்னொரு கூட்டம். ஏறி ஏறி உச்சிக்குப் போனதும் நடுவில் சொப்ரானோ (உச்சக் குரல்) பாடகி: மகனை இழக்கும் மாதாவின் புலம்பல், 15ஆம் நூற்றாண்டுப் பாட்டு. அப்புறம் ஏறிய வழியே இறங்கி, பாஸில் போய் அடங்குகிறது. எதிர்வீட்டுப் பெரியம்மா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாருடா செத்துட்டாங்க?"

"புள்ளைய இழந்த அம்மா பாடறது, பெரியம்மா."

"அதான் தெரியுதே. மாருல அடிச்சிக்காம அழுவுறா."

2004 சுனாமியைப் பார்த்த கரை இது. அவருக்கு நான் போலிஷ் மொழியை விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் பாகம் வெளிச்சமாகத் திறக்கிறது. கொஞ்ச நேரம்தான், உடனே இருட்டிவிடும். பாடலின் வரிகள், போலந்தின் ஸகோபனே ஊரில் ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டப்போவின் காவலில் இருந்த 18 வயதுப் பெண் சுவரில் எழுதியவை. அம்மா அழாதே என்கிறாள். அம்மா புலம்பிய பாட்டை அடுத்து, மகள் தேற்றுகிற பாட்டு! ஒன்பது நிமிடம்தான் இருக்கும். என்னைக் கேட்டால் மொத்தத்திலும் ஒசத்தி இதுதான்.

கடற்கரைச் சாலை, புதுச்சேரி:

மொபைல் ஸ்பீக்கரில் போட்டுவிடாதீர்கள். பாஸ் அவ்வளவு கீழே இருப்பதால் ஆரம்பம் காதிலேயே விழாது. நல்ல ஹெட்ஃபோன் வேண்டும். சாயங்காலம் வண்டிகளை நிறுத்திய பிறகு பீச் ரோட்டில் நடந்துகொண்டே கேட்டேன். மூன்றாம் பாகம் போலந்தின் சிலேசியப் பகுதி நாட்டுப்புறப் பாட்டு, கொல்லப்பட்ட மகனைத் தேடும் தாய். ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருகிறது. எனக்குப் பாதியில் சலித்தது. 1977இல் பிரான்சின் ருவாயானில் முதல்முறை வாசித்தபோது விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள் என்பதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் கடைசியில் சோகமாக ஒலிக்கும் மைனர் ஸ்வர வரிசையிலிருந்து வெளிச்சமான ஏ மேஜருக்குத் திரும்பியதும் காந்தி சிலைகிட்ட அப்படியே நின்றுவிட்டேன். சுண்டல்காரப் பையன், "அண்ணா, வேணுமா வேணாமா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டான்.

உப்பனாற்றுக்காரன்:

சலிக்கிற அந்த நேரத்தைத் தாண்டி வந்ததால்தான் உங்களை நிற்க வைத்தது, தோழர். அந்த மேஜரை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்டுப் பாருங்கள், சப்பென்று இருக்கும். டான் அப்ஷா பாடி, டேவிட் ஸின்மன் நடத்தி 1992இல் வந்த பதிவில் கேளுங்கள். பத்து லட்சத்துக்கு மேல் விற்றது அதுதான்.