வெல்டிங் வகுப்பில் காத்திருக்கும் மாணவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது?

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். கொட்டாஞ்சேனையில் மாலை நேர வெல்டிங் வகுப்பொன்றைத் தமிழில் நடத்தி வருகிறேன். 16 மாணவர்களுக்கு 4 மெஷின்களே உள்ளன. நால்வர் வேலை செய்ய, மற்றவர்கள் சுவரோரம் நின்று வெறுங்கண்ணால் ஆர்க்கை (ஒட்டும்போது எழும் மின்வில் ஒளியை) பார்க்கிறார்கள். முதல் வாரம் முழுவதும் பாதுகாப்பைப் பற்றியே விரிவுரை நடத்தினேன். தேர்விலும் நன்றாகவே எழுதினார்கள். ஆனால் பட்டறைக்குள் வந்ததும் ரப்பர் செருப்போடு நிற்கிறார்கள். இவர்களை எப்படி ஈடுபடுத்துவது? தமிழில் பாதுகாப்புக் குறிப்புகளுக்கு எங்கே போவது?

பழைய பட்டறைக்காரன்:
ஐயா, நான் கிராண்ட்பாஸில் ஒரு பட்டறையில் தொழில் பழகிய காலத்தில், என்னோடு பழகிய பையன் ஒருவன், "ஒரு டாக் (பிடிப்புக்கான சிறு புள்ளி ஒட்டு) வைக்கத்தானே" என்று முகக்கவசம் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டினான். அன்று மாலை அவனுக்கு ஒன்றுமே இல்லை. நள்ளிரவில்தான் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் துடித்தான். வீட்டார் உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணில் கட்டினார்கள். விடிந்த பிறகே தேசிய கண் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். ஆர்க்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிரின் பாதிப்பு பெரும்பாலும் 6 முதல் 12 மணித்தியாலங்கள் கழித்தே தெரியும் என்பதால், வகுப்பில் செய்த தவறும் வீட்டில் வரும் வலியும் மாணவரின் மனத்தில் ஒன்றோடொன்று சேர்வதில்லை. விரிவுரை பலிக்காததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே பாதுகாப்பைத் தனிப் பாடமாக வைக்காமல், வேலையின் முதல் அசைவாக ஆக்குங்கள். மாணவர்களை இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் ஒட்டும்போது மற்றவரும் அதே அளவு இருண்ட கண்ணாடியோடு, அதாவது 3.2 மி.மீ. கூரில் (வெல்டிங் கம்பியில்) 110 அம்பியர் அளவில் வேலை என்றால் 10ஆம் இலக்கக் கண்ணாடியோடு, பக்கத்தில் நின்று ஆர்க்கின் நீளத்தைக் கவனித்துச் சொல்லட்டும். கூர் ஏறக்குறைய அதன் தடிப்பளவே தகட்டிலிருந்து விலகி நிற்க வேண்டும். கூடினால் சத்தம் மாறும், பொறி சிதறும். துணைவரின் சப்பாத்து, கையுறை, தகட்டை மெஷினோடு இணைக்கும் ஏர்த் கிளாம்ப் ஆகியவற்றைப் பார்த்து "சரி" என்று சொன்ன பிறகே மெஷினைப் போட வேண்டும் என்பதை மாற்றமில்லாத விதியாக வையுங்கள். வியர்வையில் நனைந்த கையுறையை உடனே மாற்றச் சொல்லுங்கள். கொழும்பு வெக்கையில் அது அரைமணி நேரத்தில் நனைந்துவிடும், ஏ.சி. மெஷினில் ஆர்க் பிடிக்காதபோதும் 80 வோல்ட் வரை இருக்கலாம், ஈரக் கையுறை வழியே அது தாக்கும்.

மற்ற எண்மருக்கு, மின்சாரம் இல்லாத ஹோல்டரில் கூர் ஒன்றை மாட்டிக் கொடுத்து, தகட்டில் சோக்கினால் கீறிய கோட்டின் மேல் ஒரே வேகத்தில் நகர்த்தப் பழக்குங்கள். கூர் எரிந்து குறையக் குறையக் கையைத் தாழ்த்த வேண்டும். புதியவர்கள் தடுமாறும் இடம் அதுதான். ஒட்டி முடித்த T வடிவ இணைப்பைச் சுத்தியலால் மடித்து உடைத்து, வேரில் (தகடுகள் சேரும் அடிமூலையில்) உலோகம் உருகிப் பிடித்திருக்கிறதா, ஸ்லாக் (ஒட்டின் மேல் படியும் கசடு) உள்ளே சிக்கியிருக்கிறதா என்று அவர்களே பார்க்கட்டும். என் அனுபவத்தில், தான் ஒட்டியதைத் தானே உடைத்துப் பார்த்த மாணவர் அடுத்த முறை அவசரப்படுவதில்லை.

தொழிற்பாதுகாப்பு அலுவலர்:
ஆசிரியருக்கு வணக்கம். புகையும் அதே விதமாகப் பிந்தித் தாக்குவதுதான். கல்வனைஸ் (துத்தநாகம் பூசிய) குழாயை ஒட்டியவருக்கு இரவில் குளிரும் காய்ச்சலும் வரும்; மறுநாள் தணிந்துவிடுவதால் சாதாரணக் காய்ச்சல் என்றே எண்ணுவார். 2017இல் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதலாம் தொகுதியில் சேர்த்தது. பழைய டீசல், தின்னர் பீப்பாய்களை, வெறுமையாகத் தெரிந்தாலும், வகுப்புக்குள் எடுக்கவே வேண்டாம். உள்ளே தங்கிய ஆவி ஒரு பொறியில் வெடிக்கும்.

குறிப்புகளைப் பொறுத்தவரை, அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் இசட் 49.1 பாதுகாப்பு நியமமும் அச்சங்கத்தின் பாதுகாப்புத் தாள்களும் ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றிலும் கூர்ப் பெட்டியிலும் உள்ள எச்சரிக்கைகளைக் காத்திருக்கும் மாணவர்களே தமிழில் எழுதி ஒவ்வொரு மெஷினுக்கு மேலும் தொங்கவிடட்டும்.

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:
இருவருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை வகுப்பிலேயே இணைகளாகப் பிரிக்கிறேன். மெஷின்களுக்கு இடையே மறைப்பாக நீல நிற பிளாஸ்டிக் படங்கைக் கட்டலாமா?

பழைய பட்டறைக்காரன்:
வேண்டாம் ஐயா, பொறி பட்டால் உருகித் தீப்பிடிக்கும். தகரத்தில் பளபளக்காத கறுப்புப் பெயின்ற் அடித்து, காற்றோட்டத்துக்காக அடியில் இடைவெளி விட்டு நிறுத்துங்கள்.