கல் வலியோடு காய்ச்சலும் வந்தால் ஏன் இவ்வளவு அவசரம்?

புது நர்ஸ்:
யூராலஜி வார்டில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. போன வாரம் இரவு டியூட்டியில் ஒரு அம்மா இருந்தார். இடது பக்கச் சிறுநீர்க்குழாயில் 7 மில்லிமீட்டர் கல். வலிக்கு ஊசி போட்டதும் தூங்கிவிட்டார். விடியற்காலை 4 மணிக்குப் பார்த்தால் 101.4 டிகிரி காய்ச்சல். வலிதான் இல்லையே, பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலை ரவுண்ட்ஸில் சொல்லலாம் என்று நினைத்தேன். சார்ட்டைப் பார்த்த சீனியர் சிஸ்டர் அந்த நிமிடமே டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டார். ஒரு மணி நேரத்தில் ஸ்டென்ட் (கல்லைத் தாண்டிச் சிறுநீர் வடிய, சிறுநீர்க்குழாய்க்குள் வைக்கும் மெல்லிய குழாய்) வைக்க அழைத்துப் போய்விட்டார்கள். இப்போது அந்த அம்மா நன்றாக இருக்கிறார். ஆனால் எனக்குப் புரியவில்லை. தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக் போதாதா? சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் டிப்ஸ்டிக் பட்டையில்கூட பெரிதாக ஒன்றும் இல்லையே.

22 வருட வார்டு:
அந்த சிஸ்டர் செய்ததுதான் சரி, தங்கச்சி. கல் குழாயை அடைத்துக்கொண்டால் அதற்கு மேலே சிறுநீர் தேங்கும். தேங்கியதில் கிருமி இருந்தால் அது சீழ் கட்டியதைப் போலத்தான். உள்ளே அழுத்தம் ஏற ஏற அந்தச் சிறுநீரகம் வடிகட்டுவது குறையும், மருந்தும் அங்கே போதிய அளவு போய்ச் சேராது. கிருமி மட்டும் ரத்தத்துக்குள் தள்ளப்படும். அதனால் ஆன்டிபயாட்டிக்கோடு, தேங்கியதையும் வடிய விட வேண்டும். ஒன்று ஸ்டென்ட், இல்லையென்றால் முதுகுப் பக்கமாகச் சிறுநீரகத்துக்குள் நேராக வைக்கும் நெஃப்ராஸ்டமி குழாய். கல்லை அன்றைக்குத் தொட மாட்டார்கள், தொற்று அடங்கின பிறகுதான் எடுப்பார்கள்.

டிப்ஸ்டிக் உங்களை ஏமாற்றியது இதனால்தான்: முழுதாக அடைத்திருந்தால், நீங்கள் சோதித்த சிறுநீர் நல்ல சிறுநீரகத்திலிருந்து வந்தது. கெட்டது மேலே சிக்கிக் கிடக்கிறது. சிறுநீர் அளவும் அப்படித்தான். மறு பக்கம் வேலை செய்வதால் சார்ட்டில் சரியாகவே தெரியும். ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவருக்குச் சிறுநீர் நின்றால் அது வேறு விதமான அவசரம்.

வெறும் கல் வலி என்றால் ஆளால் ஓரிடத்தில் படுக்க முடியாது. புரளுவார், எழுந்து நடப்பார், வாந்தி எடுப்பார். வலி விலாவுக்குக் கீழே தொடங்கி அடிவயிறு, தொடை இடுக்கு வரை அலை அலையாக இறங்கும். சிறுநீர்ப்பைத் தொற்றில் எரிச்சலும், சொட்டுச் சொட்டாக அடிக்கடி போவதும் இருக்கும், காய்ச்சல் பொதுவாக இருக்காது. உடம்பு தூக்கிப் போடுகிற குளிரும், முதுகுப் பக்கம் தட்டினால் வலியும் இருந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. ஆனால் கல் சிறுநீர்ப்பைக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டாலும் எரிச்சலும், அடக்க முடியாமல் சிறுநீர் முட்டுவதும் அப்படியே வரும். அதனால் அறிகுறியை மட்டும் வைத்து நாமே முடிவு கட்டக் கூடாது.

ஒரு பெரியவரை நான் மறக்கவே முடியாது. சர்க்கரை நோய் உள்ளவர், கல் அடைப்பு. காய்ச்சலே இல்லை, 97.8 தான். 'வலி போயிடுச்சும்மா' என்றார். எனக்கும் நிம்மதி. ஆனால் கூப்பிட்டால் பதில் தாமதமாக வந்தது, மூச்சு நிமிடத்துக்கு 28. பிபி எடுத்தால் மேல் அளவே 88. தொற்று ரத்தத்தில் ஏறியிருந்தது, காய்ச்சல் மட்டும் காட்டவில்லை. அவர் பிழைத்தார், ஆனால் நான்கு நாள் ஐசியூவில் இருந்தார். அன்றிலிருந்து நான் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணாமல் எழுதுவதில்லை.

லேப் ஆள்:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆன்டிபயாட்டிக் போடும் முன்பே, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குச் சிறுநீர் எடுத்துவிடுங்கள், ஆனால் அதற்காக மருந்தைத் தள்ளிப் போடாதீர்கள். கதீட்டர் இருந்தால் சாம்பிள் போர்ட்டில் எடுங்கள், பையிலிருந்து வேண்டாம். அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்தால் கிருமி பெருகி எங்கள் எண்ணிக்கை பொய்யாகிவிடும். உடனே அனுப்ப முடியாவிட்டால் குளிரில் வையுங்கள். புரோட்டியஸ் வளர்ந்து பிஎச்சும் ஏறியிருந்தால் நான் வார்டுக்கே போன் போட்டுச் சொல்வேன். அந்தக் கிருமி யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரமாக்கும், அதில் ஸ்ட்ரூவைட் கல் வளரும். தொற்றே கல்லை உண்டாக்குகிற வகை அது.

ஸ்டென்ட் வைத்திருந்தவர்:
நோயாளியாக ஒரு வார்த்தை. ஸ்டென்ட் வைத்த பிறகு சிறுநீர் கழிக்கும்போது விலாவில் சுருக்கென்று வலிக்கும், இளஞ்சிவப்பாகப் போகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இரண்டு நாள் பயந்து கிடந்தேன். தயவுசெய்து முன்பே சொல்லிவிடுங்கள்.

புது நர்ஸ்:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, வலியின்போது நிறையத் தண்ணீர் குடித்தால் கல் இறங்கிவிடுமா? உறவினர்கள் லிட்டர் கணக்கில் குடிக்க வைக்கிறார்கள்.

22 வருட வார்டு:
வேண்டாம். அந்த நேரம் வற்புறுத்தினால் வாந்திதான் வரும், கல் அதனால் வேகமாக இறங்காது. தாகத்துக்குக் குடித்தால் போதும். பிறகு, வீட்டுக்குப் போனதும், தினமும் 2.5 லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குக் குடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஸ்டென்ட்டை எந்தத் தேதியில் எடுக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பெரிதாக எழுதி, அவர் வாயாலேயே ஒரு முறை சொல்ல வையுங்கள். மாதக்கணக்கில் மறந்துபோய், அதன் மேலேயே கல் படிந்து திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.